ஞாயிற்றுக்கிழமை வீடுகள்

யோகேஸ்வரியைப் பற்றி எழுத எனக்கு என்ன தகுதி என்று கேட்டால், இருபத்தோரு வருடம் அவளுக்கு எதிர் மேசையில் உட்கார்ந்திருக்கிறேன், அவ்வளவுதான். நாங்கள் வேலை பார்ப்பது ஒரு மருத்துவ வாயு கம்பெனியின் ஜொகூர் மாநிலக் கிளையில், தம்போயில். நுரையீரல் கெட்டுப்போனவர்களின் வீடு தேடிப் போய் ஆக்சிஜன் தோங் இறக்குவது எங்கள் தொழில். சமையல் கேஸ் சிலிண்டரைப் போலத்தான் இருக்கும், கொஞ்சம் ஒல்லி, கொஞ்சம் உயரம். ஆர்டர்களை கம்ப்யூட்டரில் ஏற்றுவது அவள் வேலை. அங்கிருந்து வரும் பட்டியலை லாரிகளுக்குப் பிரித்துக் கொடுப்பது என் வேலை. என் பெயர் விஜயன். நடந்ததில் எனக்கும் பங்கு உண்டு. அதை ஒளிக்கப் போவதில்லை.

அவளுக்கு வயது ஐம்பது. வீடு ஸ்கூடாயில். புருஷன் சிங்கப்பூரில் வேலை, விடிவதற்கு முன்பே மோட்டார் சைக்கிளில் பாலத்தைத் தாண்டிவிடுவார். மகள் லோஷினி பல்கலைக்கழகத்தில் கடைசி வருடம். அலுவலகத்தில் யாருக்காவது பிறந்தநாள் என்றால் கேக் வாங்கக் காசு பிரிப்பவள் அவள். ஃபேன் சத்தம் போட்டால் மேலே ஏறித் துடைப்பவளும் அவள்தான். அவளுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. யார் எதைப் பற்றிக் கவலைப்பட்டாலும் “நான் இருக்கேன்ல” என்று சொல்லிவிடுவாள். சொன்னதைச் செய்தும் விடுவாள். அதனால் எல்லோரும் எல்லாக் கவலையையும் கொண்டுவந்து அவள் மேசையில் இறக்கிவிட்டுப் போவோம்.

எங்கள் வாடிக்கையாளர்களில் யாருடைய முகமும் அவளுக்குத் தெரியாது. எல்லோரையும் குரலில்தான் தெரியும். இருமலை வைத்தே இன்னார் என்று சொல்லுவாள். வியாழக்கிழமை மத்தியானமானால் அட்டையில் 555 என்று போட்ட ஒரு சின்ன நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு வரிசையாகப் போன் போடுவாள். தோங் எத்தனை மிச்சம், மூச்சு எப்படி இருக்கிறது, பேரப்பிள்ளை வந்தானா என்று எல்லாம் விசாரித்துவிட்டு, கடைசியில் எல்லோரிடமும் ஒரே வாக்கியத்தைச் சொல்லி முடிப்பாள்.

“வீட்டுல ஆள் இருக்கணும், சரியா? பூட்டியிருந்தா தோங்கத் திருப்பி எடுத்துட்டு வந்துருவாங்க. அப்புறம் அடுத்த வாரந்தான்.”

அது கம்பெனி விதி. ஆளில்லாத வீட்டில் இறக்கக்கூடாது. பத்து வருடமாக வியாழக்கிழமைதோறும் அந்த வாக்கியம் என் காதில் விழுந்து விழுந்து எனக்கு மனப்பாடம். கிண்டலுக்கு நானும் அவள் குரலிலேயே சொல்லிக் காட்டுவேன்.

அந்த நோட்டில் இருந்தவை நாற்பத்து மூன்று வீடுகள். ஞாயிற்றுக்கிழமை வீடுகள் என்று நாங்கள் சொல்லுவோம். அவை எப்படி வந்தன என்பதைச் சொன்னால்தான் பிறகு நடந்தது புரியும்.

2014-இல் ஜொகூரில் வார விடுமுறையை வெள்ளி, சனி என்று மாற்றினார்கள். அரசாங்க கிளினிக்குகள் ஞாயிற்றுக்கிழமை திறந்தன, எங்கள் கிளையும் திறந்தது. தலைமையகம் இருப்பது ஷா ஆலமில். அங்கே ஞாயிறு லீவு. கம்பெனியின் சாஃப்ட்வேர் ஷா ஆலம்காரர்களின் சாஃப்ட்வேர், ஆகவே அதற்கும் ஞாயிறு லீவு. ஞாயிற்றுக்கிழமைக்கு ஆர்டர் போட்டால் ஏற்காது, சிவப்பாக ஒரு வரி காட்டித் துப்பிவிடும். ஒரே ஒரு மாநிலத்துக்காக சாஃப்ட்வேரை மாற்ற முடியாது, நீங்களே சமாளித்துக்கொள்ளுங்கள் என்று கைவிரித்துவிட்டார்கள்.

யோகேஸ்வரி சமாளித்தாள். ஒரு நாள் முழுக்க அந்தத் திரையைக் கிண்டிக் கிளறி ஒரு வழி கண்டுபிடித்தாள். ஆர்டரின் மூலையில் ‘அவசரம்’ என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் ஒரு டிக் போட்டால் லீவு நாளிலும் சாஃப்ட்வேர் வாயை மூடிக்கொண்டு ஏற்றுக்கொண்டது. அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை வீடுகளுக்கெல்லாம் அவள் அவசரம் என்று டிக் போட்டாள், என் பட்டியலில் மற்ற ஆர்டர்களைப் போலவே அவையும் வந்து விழுந்தன, லாரி போயிற்று. தலைமையகத்தில் அவளைத் தலைமேல் தூக்கி வைத்துக்கொண்டார்கள். கம்பெனி சின்னம் போட்ட ஒரு மக் பரிசு. இன்றைக்கும் அதில்தான் மைலோ குடிக்கிறாள்.

பத்து வருடம் ஓடிவிட்டது. மக் கொடுத்தவர் ஓய்வு பெற்றார். அந்த டிக்கைப் பற்றித் தெரிந்த ஷா ஆலம்காரர்கள் ஒவ்வொருவராக வேறு கம்பெனிக்குப் போனார்கள். நடுவில் பழைய சாஃப்ட்வேரைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதியது கொண்டுவந்தார்கள், பழைய ஆர்டர்களை டிக்கோடு அப்படியே அதில் ஏற்றினார்கள். எங்கள் கிளையில் அந்த டிக்குக்கு அவசரம் என்ற அர்த்தமே போய்விட்டது. ஞாயிறு என்பதற்கு அது ஓர் அடையாளம், அவ்வளவே. நிஜமாகவே அவசரம் என்றால் யோகேஸ்வரி எழுந்து வந்து என் மேசையைத் தட்டுவாள்.

2024 கடைசியில் அறிவிப்பு வந்தது. ஜனவரியிலிருந்து ஜொகூரில் மறுபடியும் சனி, ஞாயிறு லீவு. இந்தத் தடவை தலைமையகம் சுறுசுறுப்பாக இருந்தது. ஒவ்வொரு மாநிலத்தின் லீவையும் சாஃப்ட்வேரில் சரியாக ஏற்றிவிடலாம், இனி யாரும் எதையும் சமாளிக்க வேண்டியதில்லை என்று ஒரு அப்டேட் தயார் செய்தார்கள். கேட்பதற்கு எவ்வளவு சின்ன விஷயம், பாருங்கள். ஒரு நாளை மாற்ற வேண்டும். ஆனால் லீவு எது என்பதைப் பார்த்து முடிவெடுக்கும் இடங்கள் அந்த சாஃப்ட்வேருக்குள் முந்நூற்றுச் சொச்சம் இருந்தனவாம். ஆர்டர், லாரி, டிரைவர், தோங்கில் வாயு நிரப்புவது, ஆஸ்பத்திரிகளோடு பேசுவது, எல்லாம் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன.

அப்டேட்டை சோதித்துப் பார்க்க ஒவ்வொரு கிளையிலும் ஓர் ஆளைப் போட்டார்கள். எங்கள் கிளையில் யாரைப் போடுவார்கள் என்று கேட்கவே வேண்டாம். நூற்று எண்பத்தாறு வரிசை கொண்ட ஒரு எக்செல் பட்டியல் வந்தது. இதைச் செய், இது நடக்க வேண்டும், நடந்ததா இல்லையா என்று எழுது. வடக்கே ஒரு கிளையில் ஒருத்தர் பகல் சாப்பாட்டுக்கு முன்னால் நூற்று எண்பத்தாறையும் டிக் அடித்து அனுப்பிவிட்டார். யோகேஸ்வரிக்குப் பதினோரு நாள் பிடித்தது. தன் லீவு நாளான வெள்ளிக்கிழமைகளிலும் வந்து உட்கார்ந்தாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள் என்றால் அது மிகையில்லை.

பட்டியலில் இல்லாததையெல்லாம்கூடப் பார்த்தாள். ஹரி ஹோல் அன்று ஜொகூரில் மட்டும் லீவு, அதை அப்டேட் மறந்திருந்தது. சிங்கப்பூர் போன் நம்பர் வைத்திருந்த வாடிக்கையாளர்களின் நம்பரில் கடைசி எண் காணாமல் போனது. தைப்பூசத்தை ஒரு மாநிலத்தில் சேர்த்து இன்னொன்றில் விட்டிருந்தார்கள். இப்படி ஒன்பது தப்புகளைப் பிடித்துக் கொடுத்தாள். பதினான்கு கிளைகளும் சேர்ந்து கண்டுபிடித்தவை மொத்தம் பன்னிரண்டுதான். சாஃப்ட்வேர் செய்து கொடுத்த கம்பெனியிலிருந்து ஹேமநாதன் என்ற பிள்ளை போன் செய்து, அக்கா நீங்க எங்க கம்பெனிக்கே வந்துடுங்க என்று சிரித்தான்.

நூற்றுப் பன்னிரண்டாவது வரிசை: சாதாரண ஞாயிறு ஆர்டர், முந்தின வெள்ளிக்கிழமைக்கு நகர வேண்டும். போட்டுப் பார்த்தாள், நகர்ந்தது. நூற்று நாற்பதாவது வரிசை: லீவு நாளில் அவசர ஆர்டர், நகரக் கூடாது, அந்த நாளுக்கென்று காத்திருக்கும் லீவு நாள் டிரைவரின் போனுக்குப் போக வேண்டும். போட்டுப் பார்த்தாள், போயிற்று. இரண்டும் சரி. அவசரத்தை எப்படி நகர்த்துவது, அது நியாயம்தானே.

சோதனைக்கு நிஜமான நோயாளிகளின் பெயரைத் தரக்கூடாது என்று சட்டம். ஆகவே அவள் பார்த்த திரையில் ‘வாடிக்கையாளர் 0117’ என்றுதான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை வீடுகளில் ஒன்றின் கருப்பாயி என்ற பெயர் இருந்திருந்தால் அவள் கை அங்கேயே நின்றிருக்கும். சோதனைத் திரையில் ‘டிரைவர் 1’ என்று ஒரு பொய் டிரைவரும் இருந்தான். நிஜத்தில் எங்கள் கிளையில் லீவு நாள் டிரைவர் என்று யாரையும் இன்னும் போடவில்லை. அந்த இடத்தில் ‘பின்னர் நியமிக்கப்படும்’ என்று கிடந்தது.

கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பினாள். எனக்கு எதிரே உட்கார்ந்துதான் போட்டாள்.

அப்டேட் ஜனவரி முதல் தேதி ஏறியது. மறுநாள் வியாழக்கிழமை. அவள் வழக்கம்போல் 555 நோட்டை எடுத்து நாற்பத்து மூன்று வீடுகளுக்கும் போன் போட்டாள். இனி ஞாயிறு இல்லை, நாளைக்கே வரும் என்று சொன்னாள். உலு திராமில் ஒரு தாமான் குடியிருப்பில் காளியப்பன் என்ற பெரியவர் வீடு. தொழிற்சாலை பஸ் ஓட்டியவர். அவர் மனைவி கருப்பாயி அம்மாளுக்குத்தான் ஆக்சிஜன். வாரத்துக்கு நான்கு தோங். ஒன்பது வருடமாக யோகேஸ்வரிக்கு அவர் குரல் பழக்கம். பெரியவருக்குக் கொஞ்சம் சந்தேகம். நாள் மாறினால் குழப்பம் வருமே மா என்றார். நான் அப்போது ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தேன், அவள் சொன்ன பதில் நன்றாகக் கேட்டது.

“ஒன்னும் குழப்பம் இல்லய்யா. பதினோரு நாள் நானே உக்காந்து டெஸ்ட் பண்ணிருக்கேன். கண்டிப்பா வந்துரும். வீட்டுல மட்டும் ஆள் இருங்க.”

வெள்ளிக்கிழமை அவள் லீவு எடுத்தாள். விட்டுக்கொடுத்த வெள்ளிக்கிழமைகளுக்குப் பதிலாக ஒன்று. தூங்கப் போகிறேன், யாரும் கூப்பிடாதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

இனி என் பங்கு. வெள்ளிக்கிழமை காலை என் பட்டியலில் பத்தொன்பது வீடுகள் வந்தன. பத்து வருடமாக நாங்கள் வெள்ளிக்கிழமை வேலை செய்ததில்லை. வெள்ளிக்கிழமைப் பட்டியல் எவ்வளவு நீளம் இருக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்? இப்படிச் சொல்லித்தான் என்னை நான் தேற்றிக்கொள்கிறேன். உண்மை வேறு. பட்டியல் சின்னதாக இருந்தது எனக்கு சந்தோஷமாக இருந்தது. பதினொன்றரைக்கெல்லாம் லாரிகள் திரும்பிவிட்டன. டிரைவர் ஆரிஃப் ஜும்ஆ தொழுகைக்குக் கிளம்புவதற்கு முன் என் மேசைக்கு வந்து, அண்ணே, உலு திராம் போகலியே, அந்தப் பெரியவர் வீடு ஞாயித்துக்கிழமை வீடுதானே, இனிமே ஞாயிறு இல்லல்ல என்று கேட்டான். கேட்டவனுக்கு நான் என்ன சொன்னேன் தெரியுமா?

“சிஸ்டம் பாத்துக்கும் லா. நீ போய்ட்டு வா.”

சிஸ்டம் பார்த்துக்கொண்டது. அதன் புத்திக்கு எட்டியபடி மிகச் சரியாகத்தான் பார்த்துக்கொண்டது. நாற்பத்து மூன்று ஆர்டர்களிலும் அவசரம் என்று டிக் இருந்தது. அவசரத்தை நகர்த்தக்கூடாது. ஆகவே வெள்ளிக்கிழமைக்குக் கொண்டுவராமல் ஞாயிற்றுக்கிழமையிலேயே வைத்து, லீவு நாள் டிரைவரின் போனுக்கு அனுப்பியது. அப்படி ஒரு டிரைவரும் இல்லை, போனும் இல்லை. எங்கேயும் சிவப்பு வரி வரவில்லை. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் பச்சையாக ‘டிரைவரிடம் ஒப்படைக்கப்பட்டது’ என்று காட்டிக்கொண்டிருந்தது.

சனி, ஞாயிறு எங்கள் அலுவலகம் பூட்டு. போன் ஷா ஆலமில் லீவு நாளிலும் போன் எடுக்கும் பிரிவுக்குப் போகும். ஞாயிறு மத்தியானத்துக்குள் ஒருவர் பின் ஒருவராக அங்கே கூப்பிட ஆரம்பித்தார்கள். பச்சை வரியைப் பார்த்து எல்லோருக்கும் ஒரே பதில் சொல்லிக்கொண்டிருந்த அங்கேயுள்ள பெண்ணுக்குக் கடைசியில் பொறி தட்டியது, யோகேஸ்வரியின் வீட்டுக்குப் போன் போட்டாள். மூன்று மணிக்கு யோகேஸ்வரி அலுவலகத்தைத் திறந்தாள். நான் போய்ச் சேர்ந்தபோது திரைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள், உட்காரவில்லை. அந்த மூலைக் கட்டத்தில் விரலை வைத்து, “விஜயா, என் டிக்கு” என்றாள். நான் ஆரிஃப்புக்குப் போன் போட்டேன்.

ஆரிஃப் ஓடி வந்தான். இன்னும் இரண்டு டிரைவர்கள் வந்தார்கள். நானும் ஒரு லாரியில் ஏறினேன். சாயங்காலத்துக்குள் எல்லா வீட்டுக்கும் போய்விட்டோம். சிலர் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார்கள், சிலர் பக்கத்தில் கடன் வாங்கி ஓட்டியிருந்தார்கள், சிலர் எங்களைக் கண்டபடி ஏசினார்கள். ஏசியவர்களின் காலில் விழலாம் போல இருந்தது. நானும் ஆரிஃப்பும் முதலில் போனது உலு திராமுக்குத்தான். கேட்டில் பூட்டு. கேட்டுக்கு உள்பக்கம் நான்கு காலித் தோங்குகள் வரிசையாக நின்றன. லாரிக்காரனுக்கு சிரமம் வேண்டாம் என்று பெரியவர் எப்போதும் காலையிலேயே உருட்டி வந்து வைத்துவிடுவார். ஒரு மணி வாக்கில் ஆம்புலன்ஸ் வந்து அம்மாவை ஏற்றிக்கொண்டு போனதாகப் பக்கத்து வீட்டு ரம்ஜான் பீவி சொன்னார். திங்கட்கிழமை விடியற்காலையில் கருப்பாயி அம்மாள் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார்.

அந்த வாரம் ஷா ஆலமிலிருந்து ஆட்கள் வந்தார்கள். ஹேமநாதனும் வந்தான். முன்னர் போனில் சிரித்த பிள்ளை, இப்போது யோகேஸ்வரியின் முகத்தைப் பார்க்கவில்லை. அந்த அம்மாளுக்கு இதயமும் பலவீனம், எப்போது வேண்டுமானாலும் நடந்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னதாக மேலாளர் திரும்பத் திரும்பச் சொன்னார். சாஃப்ட்வேரில் தப்பு எதுவும் இல்லை, சொன்னபடிதான் நடந்திருக்கிறது, கிளையின் பழக்கம் ஒன்று தெரிவிக்கப்படாமல் இருந்திருக்கிறது என்று அறிக்கை எழுதிக் கையைக் கழுவிவிட்டார்கள். குடும்பத்தாரோடு யாரும் பேச வேண்டாம், வக்கீல் பார்த்துக்கொள்வார் என்றும் உத்தரவு. எனக்கு வந்த கோபத்தில் மக்கைத் தூக்கி எறிந்திருப்பேன். அது அவளுடைய மக்.

யோகேஸ்வரி தன் எக்செல் பட்டியலை அச்சடித்து மடியில் வைத்திருந்தாள். கூட்டம் முடியப்போகும் நேரத்தில் ஹேமநாதனிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். “தம்பி, இது எந்த வரிசையில இருந்திருக்கணும்?”

அவன் நல்ல பிள்ளை. மழுப்பவில்லை. பதினான்கு கிளை, ஒன்பது வகை ஆர்டர், ஆறு வகை வாடிக்கையாளர், வாரத்தில் ஏழு நாள், இருபத்திரண்டு வகை லீவு என்று வெள்ளைப் பலகையில் எழுதிப் பெருக்கிக் காட்டினான். லட்சத்துக்கு மேல் வந்தது. ஒன்றுக்குப் பத்து நிமிடம் என்றாலும் ஒரு ஆள் கிட்டத்தட்ட பத்து வருடம் உட்கார வேண்டும், அதனால்தான் நூற்று எண்பத்தாறை மட்டும் பொறுக்கி எடுக்கிறோம் என்றான். பிறகு மார்க்கரை மூடிவிட்டு மெதுவாகச் சொன்னான்.

“பத்து வருஷம் டெஸ்ட் பண்ணாலும் இது வந்திருக்காது அக்கா. உங்க ஊர்ல அவசரம்னா அவசரம் இல்லன்னு அந்த லட்சத்துல எங்கயும் எழுதல. நீங்க சொன்னாத்தான் எங்களுக்குத் தெரியும்.”

“எனக்குத் தெரியாம இல்ல தம்பி. சொல்ற மாதிரி ஒரு விஷயம்னே தோணாமப் போச்சு” என்றாள் யோகேஸ்வரி.

அடுத்த இரண்டு வாரம் அவள் வேலைக்கு வந்தாள். லீவு எடுக்கவில்லை. நாற்பத்து மூன்று வீடுகளின் டிக்கையும் ஒவ்வொன்றாக எடுத்தாள். அதற்கு அடுத்த வெள்ளிக்கிழமையே என் பட்டியல் சரியாக வந்தது. உலு திராம் முதலாவதாக நின்றது. கருப்பாயி, நான்கு தோங். கணக்கை மூடுவதற்கு அவள் காரணம் எழுத வேண்டும், எழுதவில்லை. நான் பேனாவால் அடித்தேன். ஆரிஃப் அந்தத் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு லாரியில் ஏறினான்.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் போக வேண்டும் என்றாள். உத்தரவை நினைவுபடுத்தினேன். நீ வண்டி ஓட்டுவாயா மாட்டாயா என்றாள். ஓட்டினேன். தெப்ராவ் சாலை நெரிசலில் ஒன்றரை மணி நேரம். வழியெல்லாம் என்ன சொல்வது என்று வாய்க்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தாள். எனக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது, பயமாகவும் இருந்தது. அந்த மனிதர் செருப்பைக் கழற்றி அடித்தாலும் வாங்கிக்கொள்வாள், அது எனக்குத் தெரியும்.

காரியம் முடிந்து ஆட்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பெரியவர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். யாரென்று தெரியாமல் எங்களைக் கும்பிட்டார். அவள் “ஐயா” என்று ஒரு சொல் சொன்னாள், உடனே அவர் முகம் மாறியது. குரலைக் கண்டுபிடித்துவிட்டார். யோகேஸ் பொண்ணா, வா மா, சாப்பிட்டியா என்று எழுந்து, தன் நாற்காலியையே அவளுக்குத் தந்தார். நீ போன் பண்ணலியேன்னு போன வாரம்கூட நெனச்சேன் என்றார். அதிலேயே அவள் உடைந்துபோனாள்.

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். டிக் போட்டது, பத்து வருடம் ஆனது, மறந்தது, கையெழுத்துப் போட்டது. மிஷின் தப்பு இல்லை ஐயா, கம்பெனி தப்புன்னுகூடச் சொல்ல மாட்டேன், என் தப்பு என்றாள். நானும் என் பங்கைச் சொன்னேன். ஆரிஃப் கேட்டதையும் நான் சொன்னதையும் சொன்னேன். அவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். சாஃப்ட்வேர் விவகாரம் அவருக்கு எவ்வளவு புரிந்தது என்று தெரியவில்லை. ஆனால் வெள்ளி, சனி, ஞாயிறு என்ற மூன்று நாளும் அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரை கேட்டிலேயே உட்கார்ந்திருந்தாராம். சனிக்கிழமை ஷா ஆலமுக்குப் போன் போட்டிருக்கிறார். டிரைவர்கிட்ட குடுத்தாச்சு பாச்சிக், காத்திருங்க என்று மலாயில் சொன்னார்களாம். சரி, பழைய மாதிரி ஞாயிற்றுக்கிழமைதான் போல என்று இருந்துவிட்டார். இருந்த வாயுவை ஞாயிறு வரை இழுக்க வேண்டுமே என்று கருப்பாயி அம்மாளே தோங்கின் திருகைக் குறைத்து வைக்கச் சொல்லியிருக்கிறார். ஞாயிறு காலை உதடு நீலம் பாரித்தபோது பெரியவர் ஆம்புலன்ஸைக் கூப்பிடப் போனை எடுத்தார். அந்த அம்மாள் கையைப் பிடித்துத் தடுத்துவிட்டார்.

அதைச் சொல்லும்போது பெரியவர் குரலில் குற்றம் சாட்டுவது எதுவும் இல்லை. நடந்ததை நடந்தபடி எங்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்றுதான் சொன்னார்.

“வேணாங்க, போன வைங்கன்னுருச்சு. யோகேஸ் பொண்ணு சொல்லிருக்கு, கண்டிப்பா வந்துரும். நம்ம ரெண்டு பேரும் ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டா வீடு பூட்டிக் கெடக்கும், தோங்கத் திருப்பி எடுத்துட்டுப் போயிருவாங்க, அப்புறம் அடுத்த வாரந்தான்னு சொல்லுச்சு. அதான் மா ஒரு மணி வரைக்கும் பாத்தோம்.”

யோகேஸ்வரி அழவில்லை. நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள், பிறகு மெல்ல உட்கார்ந்தாள். அவளுடைய வாக்கியம், எழுத்துப் பிசகாமல் அவளிடமே திரும்பி வந்திருந்தது. நான் எழுந்து கேட்டுப் பக்கம் போனேன். காலித் தோங் நான்கும் இன்னும் அங்கேயே நின்றன. எடுத்துப் போக யாரும் வரவில்லையே என்று பெரியவர் பின்னாலிருந்து கேட்டார். என் காரின் பின் சீட்டில் இரண்டும், சாமான் வைக்கும் பின்பெட்டியில் இரண்டுமாக ஏற்றினேன். அவரும் ஒரு பக்கம் பிடித்தார். வேண்டாம் என்றாலும் கேட்கவில்லை.

அடுத்த வியாழக்கிழமை யோகேஸ்வரி 555 நோட்டை எடுத்தாள். நாற்பத்திரண்டு வீடுகள். ஒவ்வொருவரிடமும் மூச்சு எப்படி இருக்கிறது என்று கேட்டாள், தோங் எத்தனை மிச்சம் என்று கேட்டாள். கடைசி வாக்கியத்துக்கு வந்ததும் முதல் போனிலேயே நின்றுவிட்டாள். எதிர்முனையில் யாரோ ஹலோ, ஹலோ என்பது எனக்கே கேட்டது.

“வீட்டுல ஆள் இல்லன்னாலும் பரவால்லமா” என்றாள். “பக்கத்து வீட்டுல இறக்கிட்டுப் போறோம். மூச்சு முட்டுச்சுன்னா எங்களுக்காகக் காத்திருக்காதீங்க. ஆஸ்பத்திரிக்குப் போயிருங்க.”

நாற்பத்திரண்டு பேரிடமும் அதைச் சொன்னாள். அது கம்பெனி விதிக்கு நேர் விரோதம். நான் ஆரிஃப்பைக் கூப்பிட்டு, அப்படியே செய் என்றேன்.